விரைநீருக்கு எந்தத் தோணி?

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் கோலகுபு பாரு என்னும் ஊர் உள்ளது. அதனருகே சிலாங்கூர் ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாய்கின்றது. விடுமுறை நாள்களில் இளைஞர் பலர் துடுப்பும் கையுமாக அவ்வாற்றை நாடிச் செல்கின்றனர். அவர்களுள் தனித்து ஒரு தோணியைச் செலுத்தக் கற்க விழைபவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்தத் தோணியை வாங்குவது?’ என்பதாகும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி போல இது தோன்றும். ஆயினும் இதற்கு விடை கூற வரலாறு நன்கு உதவும். ஒரு தோணியின் வடிவம் என்பது, அதை ஆக்கிய மக்கள் தம் ஆற்றைப் பற்றி அறிந்திருந்த அறிவின் சுருக்கமே. எந்த நீருக்கு எந்த வடிவம் என்று பல நூற்றாண்டுகளாக மக்கள் கண்டறிந்ததை அறிந்துகொண்டால், இன்று தொடங்குபவர் ஏமாற மாட்டார். ஆபத்திலும் சிக்க மாட்டார்.

சொல்லும் பொருளும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ‘கேனோ’ என்பது கரிபியத் தீவுகளில் வாழ்ந்த பழங்குடியினரின் சொல். 1492இல் கொலம்பஸ் அங்குச் சென்றபின் அது ஸ்பானிய மொழியில் புகுந்து, பின்னர் ஆங்கிலத்தை அடைந்தது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணியை அது குறித்தது. நம் ‘தோணி’ என்னும் சொல்லையும் ‘தோண்டு’ என்பதனோடு தொடர்புபடுத்திக் கூறுவோர் உளர். ஆதலின் கேனோவைத் தோணி என்று சொல்வதில் பிழை ஏதும் இல்லை.

‘கயாக்’ என்பது வேறு. அது வடதுருவத்தை அடுத்து வாழும் இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. மேற்புறம் தோலால் மூடப்பட்டது. அதில் கால்களை நீட்டி உட்கார்ந்து, இருமுனையும் தட்டையான துடுப்பால் இருபுறமும் மாறி மாறி வலிப்பர். திறந்த தோணியிலோ விரைநீரில் மண்டியிட்டு, ஒருமுனை மட்டும் தட்டையான துடுப்பால் வலிப்பர். இரண்டையும் ஒன்றெனக் கருதி வாங்குவோர் பின்னர் வருந்துவர்.

பாறைகளில் மோதி நுரைத்து வெளுத்துப் பாயும் நீரை மேலைநாட்டார் ‘வெள்ளை நீர்’ என்னும் பொருள்பட அழைக்கின்றனர். அதனை அப்படியே ‘வெண்ணீர்’ என்று தமிழாக்கினால், கேட்பவர் ‘வெந்நீர்’ என்று கொள்ளக்கூடும். மாணவர்க்கு ண-ந வேறுபாடு கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவார்கள். ஆதலின் ஈண்டு ‘விரைநீர்’ என்றே வழங்குவோம்.

புணையும் அம்பியும்

பழந்தமிழர் நீரூர்திகளைப் பொதுப்பெயரால் மட்டும் சுட்டவில்லை. புணை, தெப்பம், ஓடம், தோணி, அம்பி, திமில், வங்கம், நாவாய் எனப் பல பெயர்கள் வழங்கின. ஒரு மொழியில் இத்தனை பெயர்கள் இருப்பது, நீருக்கு நீர் ஊர்தி வேறுபடும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தமைக்குச் சான்றாகும்.

புறநானூற்று 192ஆம் பாட்டை அறியாத தமிழாசிரியர் இலர். கணியன் பூங்குன்றனார் அதில் காட்டும் உவமையைச் சற்று ஆற்றோரத்தில் நின்று நோக்குவோம். மின்னலோடு பெய்த மழையால் பெருகி, பாறைகளில் மோதி ஒலிக்கும் பேராறு. அந்நீரின் போக்கிலே செல்லும் ஒரு புணை. உயிரின் போக்கிற்கு அது உவமையாயிற்று. நாம் அதனை ஊழைப் பற்றிய பாட்டாகவே பயிற்றுவிக்கின்றோம். ஆனால் அது விரைநீரைப் பற்றிய துல்லியமான நோக்கும் ஆகும்.

புலவர் அம்பி என்னாது புணை என்றது ஏன்? மரங்களை இணைத்துக் கட்டிய புணைக்கு நீரைப் பிளக்கும் கூர்முனை இல்லை. பெருக்கெடுத்த ஆற்றில் அது நீர் கொண்டு செல்லும் இடத்துக்கே செல்லும். அம்பிக்கும் தோணிக்கும் முன் உண்டு, பின் உண்டு. துடுப்பால் திருப்பினால் திரும்பும். அவற்றுள் ஒன்றை உவமையாக்கியிருந்தால் பாட்டின் கருத்தே மாறியிருக்கும். நீர் வழியே செல்வது புணை. நீரிடையே வழி தேர்வது தோணி. தொடங்குபவர் மனத்திற்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே.

சிலப்பதிகாரத்தில் மற்றொரு செய்தி உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குள் செல்ல வையையைக் கடக்கின்றனர். குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் அமைந்த அம்பிகள் இயங்கும் பெருந்துறை அங்கே இருந்தது. ஆயினும் அம்மூவரும் அத்துறைக்குச் செல்லாமல் மரப்புணையில் ஏறித் தென்கரை சேர்கின்றனர். அமைதியான நீரைக் கடக்க அதுவே போதுமானதாக இருந்தது போலும். முகப்பின் அழகு வேறு, கடக்கும் தேவை வேறு என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. கடையில் பளபளக்கும் தோணியைக் கண்டு மயங்குவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

சுழலும் பரிசல்

தமிழ்நாட்டில் பாறைகள் மலிந்த விரைநீருக்கென்றே உருவான ஊர்தி பரிசல். தருமபுரி மாவட்டத்தில் காவிரி அருவியாக வீழும் ஒகேனக்கல்லில் அதனை இன்றும் காணலாம். ‘புகையும் கல்’ என்று பொருள்படும் கன்னடப் பெயர் அது. வீழும் நீர்த்துளிகள் புகைபோல் எழுவதால் வந்தது. மூங்கிலால் வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோல் போர்த்திச் செய்தனர். இக்காலத்தில் தோலுக்கு மாற்றாக நெகிழித் தாளும் பிறவும் பயன்படுகின்றன.

1520ஆம் ஆண்டையொட்டி விசயநகரம் வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயசு, துங்கபத்திரையில் இவ்வகை ஓடங்களைக் கண்டு எழுதியுள்ளார். கூடை போல் வட்டமானவை, உள்ளே பிரம்பும் வெளியே தோலும் கொண்டவை, பதினைந்து இருபது பேரைச் சுமக்கவல்லவை என்றெல்லாம் குறிக்கும் அவர், அவை மற்றப் படகுகளைப் போல நேராகச் செல்ல இயலாமல் எப்போதும் சுழன்றுகொண்டே செல்கின்றன என்பதையும் கூர்ந்து கண்டு கூறுகின்றார். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இப்பரிசலை ஈராக்கின் டைகிரிஸ் ஆற்றில் ஓடிய வட்ட ஓடங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்.

பரிசலின் நலன்கள் மூன்று. ஆழமற்ற நீரிலும் அது மிதக்கும். பாறையில் இடித்தால் வளைந்துகொடுக்கும். கரையேறினால் ஒருவரே தலைமேல் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். அதன் குறை, பாயசு கண்ட அந்தச் சுழற்சிதான். வழிவழியாகப் பழகிய பரிசல்காரரின் கையில் அச்சுழற்சியும் அடங்கி நிற்கும். புதியவர் கையில் அது புணையாகவே மாறிவிடும். எளிதில் திரும்பும் தன்மை நல்லது. அளவின்றித் திரும்பும் தன்மை பழகாதவருக்குப் பகை. இதனை நினைவில் வைத்துக் கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

தோணி நின்ற இடம்

இனி நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வருவோம். 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம்வரை அவர்கள் படகில் சென்றனர். அதற்கு மேல் படகு எளிதாகச் செல்லவில்லை. ஆகவே இறங்கி, காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்தனர். ஒரே மாதத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையானோர் போக, உயிரோடு எஞ்சியவர் 18 பேரே என்பர்.

அவர்கள் படகை விட்டு இறங்கிய கூடலில் கடைகள் தோன்றின, கடைகள் ஊராயின, ஊர் தலைநகராயிற்று. மலாய் மொழியில் ‘கோல’ என்பது கழிமுகத்தையும் ஆறுகள் கூடும் இடத்தையும் குறிக்கும். ‘லும்பூர்’ சேற்றைக் குறிக்கும். படகு மேலே செல்ல இயலாமல் நின்ற இடமே கோலாலம்பூர் ஆயிற்று எனலாம். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவிற்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் ஆற்றுப் போக்குவரத்து மங்கியது. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே தொழிலாளர் குடியிருப்பாகி, தமிழர் மிகுந்து வாழும் பகுதியாக வளர்ந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. இன்று பிரிக்பீல்ட்ஸை ஒட்டிக் கரைச்சுவர்களுக்கிடையே ஓடும் ஆற்றைக் காண்போர், நகரம் பிறந்ததே இந்நீர்வழியில்தான் என்பதை எண்ணுவது அரிது.

கடலுக்குரிய ‘கப்பல்’ என்னும் சொல்லைத் தமிழ் மலாய்க்கு அளித்தது. ஆற்றைப் படிக்க உதவும் சொற்களையோ மலாயிலிருந்து நாம் பெறலாம். ‘ஹூலு’ என்றால் ஆற்றின் மேற்பகுதி. ‘ஜெராம்’ என்றால் பாறைகளிடையே பாயும் விரைநீர். ‘லூபோக்’ என்றால் ஆழமான மடு. ‘கோல’ என்றால் கூடல். ஆற்றோடு வாழ்ந்தோர் அதன் ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயரிட்டு வைத்துள்ளனர். தோணி வாங்குமுன் இந்நான்கையும் ஆற்றில் அடையாளம் காணக் கற்றல் நன்று.

பட்டையிலிருந்து நெகிழிக்கு

இக்காலத்து விரைநீர்த் தோணியின் முன்னோடி வட அமெரிக்கப் பழங்குடியினரின் பூர்ச்சமரப் பட்டைத் தோணியாகும். கனடாவின் ஆறுகளில் விரைநீர் அடிக்கடி குறுக்கிடும். செலுத்த இயலாத இடத்தில் தோணியைத் தூக்கிக்கொண்டு கரைவழியே நடக்க வேண்டும். ஆதலின் இலேசான மரச்சட்டத்தின்மேல் பட்டையைப் போர்த்தி, மரப்பிசினால் இணைப்புகளை அடைத்தனர். கல்லில் பட்டுக் கிழிந்தால், அருகிலுள்ள காட்டிலேயே பட்டையும் பிசினும் கிடைத்தன. தூக்க எளிது, திருத்த எளிது என்னும் இரண்டு தேவைகளும் அத்தோணியை வடிவமைத்தன.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், விமானங்கள் செய்த அமெரிக்க நிறுவனமான கிரம்மன் அலுமினியத் தோணிகளைச் செய்யலாயிற்று. அவை பட்டையைவிட உறுதியானவை. ஆனால் அலுமினியம் பாறையில் வழுக்கிச் செல்லாமல் பற்றிக்கொள்ளும். பாறையில் சுற்றிக்கொண்டால் மடங்கிவிடும். அதன்பின் வந்தது ராயலெக்ஸ் என்னும் பல அடுக்கு நெகிழி. பாறையில் அது வழுக்கிச் செல்லும். நசுங்கினாலும் பெரும்பாலும் மீண்டும் நிமிரும். 1970களிலிருந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் விரைநீர்த் தோணிக்கு அதுவே சிறந்த பொருளாகக் கருதப்பட்டது. 2014ஆம் ஆண்டையொட்டி அதன் ஆக்கம் நின்றுவிட்டது. இன்று புதிய தோணிகள் பலவும் பாலிஎத்திலீனால் ஆனவை. அவை உறுதியானவை, எனினும் எடை சற்று மிகுதி.

இவ்விளையாட்டு உலகரங்கிலும் இடம்பெற்றது. 1972இல் மூனிக் ஒலிம்பிக்கின்போது ஆக்ஸ்பர்க்கில் அமைத்த செயற்கை விரைநீரில் முதன்முறையாகத் தோணிப் போட்டி நடந்தது. மகளிர் தனித்து மண்டியிட்டுச் செலுத்தும் போட்டி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் சேர்க்கப்பட்டது.

தொடங்குபவர் தேர்வு

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு இப்போது கடைக்குள் நுழைவோம்.

முதலாவது, இருவர் தோணியை ஒருவருக்கென வாங்கலாகாது. 16 அடி நீளமுள்ள இருவர் தோணியில் ஒருவர் பின்னால் அமர்ந்தால், மீனவர் ‘அணியம்’ என்று வழங்கும் முன்முனை மேலெழுந்துவிடும். நீரோட்டமும் காற்றும் அதனைத் தம் விருப்பப்படி திருப்பும். ஒருவருக்கென அமைந்த தோணியில் செலுத்துபவர் ஏறத்தாழ நடுவில் மண்டியிடுவார். இரு முனைகளும் அவர் கைக்கு அடங்கும்.

இரண்டாவது, நீளம். ஒன்பது அடிக்கும் குறைந்த தோணிகள் இன்று மிகுதியாக வருகின்றன. அவை கணத்தில் திரும்பும்; தேர்ந்தவர் கையில் ஆடும் பம்பரம் அவை. தொடங்குபவர் கையிலோ பாயசு கண்ட பரிசலாகிவிடும். 11 முதல் 13 அடி வரையுள்ள தோணி, நேராகச் செல்லவும் திரும்பவும் ஒருங்கே கற்பிக்கும்.

மூன்றாவது, அடிவளைவு. தோணியைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் நோக்கினால், சிலவற்றின் இரு முனைகளும் வாழைப்பழம் போல மேலே வளைந்திருக்கும். வளைவு மிகுந்தால் எளிதில் திரும்பும். வளைவே இல்லாவிடில் நேராக ஓடும், ஆனால் பாறைக்கு முன் திரும்ப மறுக்கும். ஏரிக்கு வளைவற்றது தகும். விரைநீருக்கு வளைவு வேண்டும். தொடங்குபவருக்கு நடுத்தர வளைவே ஏற்றது.

நான்காவது, அடியின் குறுக்கு வடிவம். தட்டையான அடி, அமைதியான நீரில் அசையாது நிற்கும். கடையில் ஏறிப் பார்ப்பவருக்கு அதுவே பிடிக்கும். ஆனால் அடியும் பக்கமும் கூர்மையாகக் கூடும் தோணியில், அவ்விளிம்பை நீரோட்டம் பற்றினால் முன்னறிவிப்பின்றிக் கவிழ்ந்துவிடும். மெல்ல உருண்டு பக்கத்தோடு கலக்கும் அடி, முதலில் சற்று ஆடும். ஆயினும் சாயும்போது படிப்படியாகச் சாய்ந்து, திருத்திக்கொள்ள இடம் தரும். கற்பவருக்கு வேண்டியது ஆடாத தோணி அன்று; பிழையைப் பொறுக்கும் தோணி.

ஐந்தாவது, காற்றுப்பைகள். இதனைச் செலவு கருதி விடுவோர் உளர், அது கூடாது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கவிழ்ந்து நிறைந்த தோணியில் சில நூறு லிட்டர் நீர் இருக்கும். அவ்வெடையோடு அது விரைந்து வந்து பாறையில் ஒருவரை அழுத்தினால் மீட்பது அரிது. முன்னும் பின்னும் காற்றுப்பைகளைக் கட்டி இடத்தை அடைத்துவிட்டால், தோணிக்குள் நீர் நுழைய இடம் குறைவு. தோணியும் உயர மிதக்கும். தோணி கவிழ்ந்தால் அதற்கும் கீழ்ப்புறப் பாறைக்கும் நடுவே ஒருபோதும் இருத்தலாகாது.

ஆறாவது, உடல் பொருத்தம். மண்டியிடுவதற்கான நடுமேடை, முழங்காலுக்கு மெத்தை, தொடையைப் பற்றும் பட்டை ஆகியவை தம் உடம்புக்குப் பொருந்துமா என்று ஏறிப் பார்க்க வேண்டும். கவிழ்ந்தவுடன் அப்பட்டையிலிருந்து கால் எளிதில் விடுபடுகிறதா என்பதை ஆழமற்ற அமைதியான நீரில், ஒருவர் அருகிருக்கச் சோதித்தல் இன்றியமையாதது.

பழைய தோணியை வாங்குவதில் தாழ்வில்லை. கீறல்கள் இருக்கட்டும், அவை அத்தோணி ஆற்றைக் கண்டதற்கு அடையாளம். ஆழ்ந்த வெடிப்பு, மடிந்த தடம், உளுத்த விளிம்பு ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.

ஆற்றின் சினம்

நல்ல தோணியும் அறியாத ஆற்றில் காக்காது. விரைநீரை உலக வழக்கில் 6 படிகளாகப் பிரிப்பர். தொடங்குபவர் முதற்படியில் பழகி, இரண்டாம் படிக்குத் தகுதி பெற வேண்டும். அதுவும் பயிற்றுநரோடும் துணையோடும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் இன்றி ஆற்றில் இறங்கலாகாது. நீரில் வீழ்ந்தால், கால்களை மேலே மிதக்கவிட்டுக் கீழ்த்திசை நோக்கிச் செல்ல வேண்டும். விரைநீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறையிடுக்கில் சிக்கும்.

நம் நாட்டு மலையாறுகளுக்கு உரிய ஆபத்தும் ஒன்று உண்டு. நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயும்போதே மேலே மலையில் மழை பெய்திருக்கும். அந்நீர் திடீரெனச் சுவர்போல் வந்து சேரும். மலாய் மக்கள் இதனைக் ‘கெபாலா ஆயர்’, அதாவது ‘நீரின் தலை’ என்பர். நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் கிளையும் மிதந்து வந்தாலும், ஓசை மாறினாலும் உடனே கரையேற வேண்டும். இன்று சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில் அணையும் இருப்பதால், நீர் திறக்கும் செய்தியையும் அறிந்தே இறங்க வேண்டும்.

அப்பகுதியின் பெயரே இதற்குச் சான்று பகரும். 1883இல் கோலகுபுவில் பழைய அணை ஒன்று உடைந்து வெள்ளம் ஊரை அழித்தது. அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி செசில் ரேங்கிங்கும் உயிரிழந்தார். பின்னரும் வெள்ளத் தொல்லை நீங்காமையால், ஊரை வேறிடத்திற்கு மாற்ற வேண்டியதாயிற்று. ‘பாரு’ என்றால் புதியது. கோலகுபு பாரு என்று சொல்லும்போதெல்லாம், ஆற்றுக்கு வழிவிட்டு விலகிய ஓர் ஊரை நாம் நினைவுகூர்கின்றோம்.

முடிவாக ஒன்று கூறலாம். தோணியைத் தேர்பவர் முதலில் நீரையும், அடுத்துத் தம் உடலையும் திறமையையும், அதன்பின் விலையையும், இறுதியாக அழகையும் நோக்க வேண்டும். இவ்வரிசை மாறினால் இழப்பு பணத்தோடு நில்லாது. காவிரிக் கரையார் வளைந்துகொடுக்கும் பரிசலைக் கண்டதும், கனடாவின் பழங்குடியினர் தூக்கிச் செல்லும் தோணியைக் கண்டதும் இவ்வரிசையில் எண்ணியதாலேயே. கிள்ளான் ஆற்றில் சென்றோர் படகு செல்லாத இடத்தில் இறங்கி நடந்தனர். இறங்க வேண்டிய இடத்தை அறிவதும் தோணிக்கலையின் ஒரு பகுதியே.

அடுத்த முறை வகுப்பில் பூங்குன்றனார் பாட்டை நடத்தும் ஆசிரியர்கள், புணைக்கும் தோணிக்கும் உள்ள வேறுபாட்டையும் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். சொல்லின் பொருள் அவர்க்குத் தெளிவாகும். என்றேனும் ஒருநாள் துடுப்பேந்தி விரைநீரில் இறங்கும் மாணவருக்கு அப்பாடம் உயிர்க்காப்பும் ஆகும்.